கதவு எண் சொன்ன இயந்திரம்

பொய் சொல்லி எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையே போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நூற்றுப்பத்து கம்ப்யூட்டர்கள் ஓடும் கூடத்தில், பழுதான மெமரி அட்டைகளைக் கழற்றிப் புதுசு மாட்டுவது என் வேலை. அதை வாங்கிக் கொடுத்ததே மச்சான்தான், என் மனைவியின் அண்ணன். ஆறு வருஷம் தோளோடு தோள் நின்றோம். ஐந்து மாதம் முன்பு நெஞ்சுவலியில் போய்விட்டார். பாடை தூக்கிய நால்வரில் நானும் ஒருவன்.

மெமரியில் பழுது வந்தால் திரையில் ஒரு முகவரி வரும். அந்தப் பழைய இயந்திரங்களின் சக்தி அவ்வளவுதான்: தெருவைச் சொல்லும், கதவு எண்ணைச் சொல்லாது. கடைசி மூன்று இடத்திலும் எப்போதும் பூஜ்யம். கதவு எண் ஒற்றைப்படை என்றால் பழுது இடது அட்டையில், இரட்டைப்படை என்றால் வலதில். எது என்று தெரியாததால் இரண்டையும் மாற்றுவோம். நாற்பது நிமிஷம் இழுக்கும். புது சூப்பர்வைசருக்கு அதில்தான் எரிச்சல்.

"என்னப்பா, மெஷினுக்குத் தாலாட்டுப் பாடுறியா? இன்னொரு தடவை இவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சே, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

திங்கட்கிழமை, பிற்பகல் 3:12. நாற்பத்தேழாம் இயந்திரம் நின்றது. நாற்பது வயதில் எழுத்துப் பழகியவன் நான். எதையும் மூன்று முறை படிப்பேன். மூன்று முறையும் அதேதான். கடைசியில் பூஜ்யம் இல்லை. கதவு எண் முழுசாக வந்திருந்தது.

ஒற்றைப்படை. இடதை மட்டும் மாற்றினேன். எட்டே நிமிஷம். இயந்திரம் ஓடியது.

அடுக்குக்குப் பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... டக். திருப்புளியால் இரும்பைத் தட்டும் சத்தம். சரியான அட்டை சிக்கினால் மச்சான் அப்படித்தான் தட்டுவார்.

புதன், 3:12. மறுபடி. வெள்ளி, 3:12. மறுபடி. எண் சொன்னது அத்தனையும் சரி.

பயந்தேன். கூடவே கண் கலங்கியது. செத்தும் என்னைக் காப்பாற்றுகிறாரே!

"மச்சான்... நீங்கதானா?"

விசிறிகள் எல்லாம் ஒரு மூச்சு நின்றன. மறுபடி சுழன்றன.

அடுத்த திங்கள், 3:12. இரட்டைப்படை.

வலது அட்டையைக் கழற்றினேன்.

பழுதான அட்டை சுடும். இது... சில்லென்று இருந்தது.

இடது பக்கம் கை போனது.

டக். டக். டக்.

நம்பினேன். இடதைத் தொடவில்லை.

சாயங்காலத்துக்குள், அந்த இயந்திரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துப் பட்டியல் மொத்தமும் குழம்பிவிட்டது. பழுது இடது அட்டையில்! சூப்பர்வைசர் இயந்திரத்தின் பதிவை விரித்துக் காட்டினார்.

"பாரு. நாலு நாளும் பூஜ்யம்தான். அந்த மூணு எண்ணை வெளியே சொல்ல இந்த மெஷினுக்கு வழியே கிடையாது. நீ எதைப் பாத்தே?"

அன்றைக்கே வேலை போனது.

பத்து நாள் கழித்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என் இடத்தில் மச்சானின் மகள் நின்றிருந்தாள். "மாமா..." என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைத்தது என்று கிளார்க்கிடம் கேட்டேன். அவர் வேலைக்குப் புதுசு. மச்சானைப் பார்த்ததே இல்லை.

"அவங்க அப்பாதாங்க போன் பண்ணாரு. அடுத்த திங்கக்கிழமை ஒரு இடம் காலியாகும், என் பொண்ணைப் போட்டுக்கோங்கன்னாரு."

"எப்ப பண்ணாரு?"

நோட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு வேலை போறதுக்கு ஏழு நாள் முன்னாடி. காலையில... ஒன்பது நாற்பதுக்கு."