சூரசம்ஹாரம் பார்க்காத வருஷம்

நாலாவது படிக்கும்போதுதான் நான் முதன்முதலாகக் கந்த சஷ்டி விரதம் இருந்தேன். காலையில் பால், மத்தியானம் சோறு, ராத்திரி வாழைப்பழம். பள்ளிக்கூட வாசலில் விற்ற இலந்தவடையையும் ஆறு நாளைக்குத் துறந்திருந்தேன். அதுதான் பெரிய கஷ்டம். அப்பாவும் அம்மாவும் பாலும் பழமும் மட்டும்தான். கடைசி நாள் திருப்பரங்குன்றத்தில் சூரசம்ஹாரம் பார்த்து, வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகே சாப்பாடு.

அப்பா டவுன் பஸ் டிரைவர். தனியார் முதலாளி ஒருவரின் பஸ். மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்குமாக ஓடியது. வெறும் வயிற்றோடு அவ்வளவு பெரிய வண்டியை அவர் திருப்புவதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அம்மாவை ஆட்சி செய்தது வீட்டுக் காலண்டர். நல்ல நேரம் பார்க்காமல் புதுத் துடைப்பத்தைக்கூடக் கையில் எடுக்க மாட்டாள்.

அந்த வருஷம் சூரசம்ஹாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்பே வீட்டைப் பூட்டி என்னை இழுத்துக்கொண்டு பழங்காநத்தம் ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டாள். மூன்றுக்குப் பிறகு வந்தது அப்பாவின் பஸ். உள்ளே ஊசி நுழைய இடமில்லை. ஆனாலும் டிரைவர் மகள் என்பதால் அப்பாவுக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. பட்டுப் பாவாடையை விரித்து, சிம்மாசனத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

பசுமலை தாண்டியதும் ரோடு முழுக்க ஜனம். வண்டி ஊர்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்ணின் அலறல். மாமியாரோடு வந்த பிள்ளைத்தாய்ச்சி. இன்னும் ஒரு மாதம் இருக்கிறதென்று நம்பிக் கிளம்பியிருக்கிறார்கள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் குனிந்து காலடியில் உடைந்த குடத்தைத் தேடினேன்.

அப்பா வண்டியை நிறுத்தினார். பெரியாஸ்பத்திரி நாங்கள் வந்த திசையில், ஊருக்குள் இருந்தது. அந்தக் கூட்டத்தில் வேறு வண்டி எதுவும் கண்ணில் படவில்லை.

"அண்ணே, ரூட்டை விட்டுத் திருப்பாதீக. இன்னிக்கிக் கலெக்சன் போச்சுன்னா முதலாளி சும்மா விடமாட்டாரு" என்று கண்டக்டர் ஓடிவந்தார்.

அப்பா எழுந்து பயணிகளைப் பார்த்துக் கைகூப்பினார். "மலை தெரியிற தூரந்தான். நடக்க முடிஞ்சவுக இறங்கி நடந்தா சம்ஹாரம் பாத்துரலாம். முடியாதவுக இருங்க. ஆஸ்பத்திரி போயிட்டு நானே திரும்பக் கொண்டாந்து விடுறேன்."

பச்சை வேட்டி கட்டிய ஒருவர் சத்தம் போட்டார். "ஆறு நாளு பட்டினி கெடந்து வந்திருக்கோம்யா! நீ திரும்பி வாரவரைக்கும் சூரன் நிப்பானா?"

அதே சமயம் அந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "ராகுகாலத்துல வலி கண்டுருச்சே, இந்நேரத்துல பிள்ளை பொறக்கலாமா" என்று அழுதாள். என் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிள்ளைக்கு ஏது ஆத்தா ராகுகாலம்? நல்லபடியா வரட்டும், அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏங்க, திருப்புங்க" என்றாள்.

துடைப்பத்துக்கு நேரம் பார்த்த அம்மாதானா என்று நான் திகைத்துப்போனேன். அவள் பெண்களைச் சுற்றி நிற்கவைத்து, யாரோ கொடுத்த சேலையைத் திரையாகப் பிடிக்கச் சொன்னாள். பாதிப் பேர் இறங்கி நடந்தார்கள். பச்சை வேட்டிக்காரரும் இறங்கினார். ஆனால் அவர் மலைப்பக்கம் போகவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் ஓடி, "வழி விடுங்கப்பா, பிள்ளைத்தாய்ச்சி!" என்று கத்திக் கூட்டத்தைப் பிளந்துகொண்டே போனார். ரோடு காலியானதும் ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டார். அப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எல்லா ஸ்டாப்பிலும் கைகாட்டியவர்களைத் தாண்டிப் பறந்தோம். அப்பா அப்படி ஓட்டி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் பச்சை வேட்டிக்காரர் வெளியே ஓடிவந்தார். "பொம்பளப் பிள்ளை! ரெண்டு உசுரும் நல்லாருக்கு!" பஸ்ஸில் காத்திருந்தவர்கள் சேர்ந்து போட்ட அரோகராவில் ஆஸ்பத்திரிக் காவலாளி பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

சொன்னபடி அப்பா எல்லோரையும் திரும்பக் கொண்டுபோய் விட்டார். அதற்குள் சம்ஹாரம் முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். என் விரதம் வீணாகிவிட்டதென்று தேம்பித் தேம்பி அழுதேன். "வீணாகல, ஆத்தா" என்றார் அப்பா, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அம்மா விளக்கேற்றினாள். அன்று காலண்டரைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவந்த அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் உயிரை, இல்லை, இரண்டு உயிரைக் காப்பாற்றியதற்கு முதலாளியே கூப்பிட்டு லீவு கொடுத்திருக்கிறார்! வகுப்பு முழுக்கச் சொன்னேன். டீச்சர் மட்டும் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். வேலையை விட்டு நிறுத்துவது என்று ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியாது. தினமும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவரும் என்னைத் திருத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்தப் பச்சை வேட்டிக்காரர் வந்தார், இப்போது வெள்ளை வேட்டியில். கண்டக்டர் சொல்லி வந்தாராம். பின்னால் அன்று பஸ்ஸில் இருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், பிள்ளை பெற்றவளின் மாமியார் உட்பட. "வாங்கண்ணே, முதலாளி வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று அப்பாவை நடுவில் விட்டு அழைத்துப்போனார்கள். மாலை போடத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நான் தெருமுனை வரை கூடவே ஓடினேன்.

மறுநாள் விடிகாலை அப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அம்மா வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இவ்வளவு பெரிய காரியம் செய்தவருக்கு இவ்வளவு சீக்கிரம் லீவை முடித்துவிட்டார்களே என்று எனக்கு முதலாளி மேல் கோபம் கோபமாக வந்தது.