லோகேஸ்வரி எழுதிய கார் நம்பர்

பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் டீயை வாசல் கேட்டில் மாட்டிவிட்டு, ஸ்ட்ராவில் உறிஞ்சியபடியே லோகேஸ்வரி ஆளைக் கொல்ல வழி யோசிக்கிறார்.

"கத்தி வேணாம் லா தம்பி. கத்தின்னா ஒரே ரத்தம். யாரு தொடைக்கறது?" என்று என்னிடம் கேட்கிறார். கிள்ளானில் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அவருடைய எல்லாக் கொலைகளுக்கும் முதல் சாட்சி நான்தான்.

பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாத இதழில் மர்மத் தொடர் எழுதுகிறார். முகத்தைப் பார்த்தால் எறும்புக்கும் வழிவிடுபவர்போல் இருப்பார். ஆனால் அவரிடம் அழுகிய மீனை விற்றவன் அடுத்த மாதமே லங்காட் ஆற்றில் மிதப்பான். வரிசையில் முந்திப் போன ஒரு பெண்மணிக்கு விஷம் வைத்துவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை கூடும் பாசார் மாலாம் இரவுச் சந்தை அவருக்குத் திருவிழா. பூப்போட்ட கஃப்தான் அங்கியில் கிளம்பிவிடுவார். வேர்க்கடலை தூவி மடித்த சூடான அப்பாம் பாலிக்கை வாங்கியதும் மொறுமொறுப்பான ஓரத்தை எல்லாம் ஒடித்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியை என்னிடம் நீட்டுவார். "உனக்குப் பல்லு வலிக்கும்லா" என்று காரணமும் சொல்வார். எனக்கு ஒரு பல்வலியும் கிடையாது.

இப்படி நிம்மதியாகக் கொன்றுகொண்டிருந்தவரின் வாழ்க்கையில் ஒரு கார் குறுக்கே வந்தது. கதையில் பிணம் கிடந்த கார். நிஜம்போல் இருக்கட்டும் என்று அதன் நம்பரையும் எழுதிவிட்டார்.

நம் ஊரில் சாலையில் ஒரு கார் மோதினால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு, அதே நம்பரில் லாட்டரிச் சீட்டு வாங்க நம்பர் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கதையில் வந்த காரை மட்டும் விடுவார்களா? வாங்கினார்கள். ஆறுதல் பரிசும் விழுந்து தொலைத்தது. இதழ் விற்றுத் தீர்ந்தது. ஆசிரியர் சுகுமாறன் உற்சாகமாகக் கூப்பிட்டு, "மேடம், அடுத்த மாசம் ரெண்டு கார் போடுங்களேன்" என்றார்.

முதலில் லோகேஸ்வரி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாசார் மாலாமில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டபோது, "கொலகாரன் யாருன்னு கண்டுபிடிச்சியா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"கொலையா? நான் நம்பர் மட்டுந்தான் பாத்தேன் ஆன்டி."

அன்றைக்கு அப்பாம் பாலிக் ஓரத்தோடு முழுசாக எனக்கே வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த அத்தியாயத்தில் கார் இல்லை. வீட்டு எண் இல்லை, கைப்பேசி எண் இல்லை. கொலைகாரன் நடந்தே வந்து நடந்தே போனான். "பொணத்துக்கு வயசாவது போடலாமே அக்கா" என்றேன்.

"போட மாட்டேன். அதையும் வாங்குவானுங்க." பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஒரு ஆளு கதைய படிச்சான்னு தெரிஞ்சா போதும் தம்பி. இல்லன்னா இதோட நிறுத்திக்கிறேன்."

இதழ் வந்தது. போன் ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி, நம்பர் எங்கே? அக்கா போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்.

சனிக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நம்பர் கடைக் கவுண்டரில் உட்காரும் கிஷன். அவனைக் கண்டதும் அக்கா உள்ளேயிருந்தே கத்தினார். "நம்பர் கிம்பர் ஒண்ணும் இல்ல! போ!"

"நம்பர் எனக்கு எதுக்கு ஆன்டி? நானே விக்கிறவன்." அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "போன மாசம் நம்பர பாத்துட்டு புக்க கடையிலயே போட்டுட்டுப் போயிட்டாங்க. கஸ்டமர் இல்லாதப்ப எடுத்துப் படிச்சேன். இந்த மாசமும் விடாம படிச்சிட்டேன். அந்த நர்ஸ் மலர்விழி இருக்காளே, அவ எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டா. அதான் பயமா இருக்கு. அவள மட்டும் கொன்னுடாதீங்க ஆன்டி, ப்ளீஸ் லா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மலர்விழி முந்தின நாளே செத்துவிட்டாள் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

உள்ளே போனவர் அடுத்த மாதத்துக்கு எழுதி வைத்திருந்த தாள்களோடு வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசித் தாளை மட்டும் உருவி, கிஷனைப் பார்த்துக்கொண்டே துண்டு துண்டாகக் கிழித்துக் கஃப்தான் பைக்குள் போட்டுக்கொண்டார்.