பஸ்ஸில் வெந்த சுண்ணாம்பு

கொல்லிமலைக்கு ஊர் சுற்றப் போய்த் திரும்பும்போதும், பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துச் சுண்ணாம்புக் காளவாய் எரித்த மடையன் நான். கல் எந்தச் சூட்டில் எப்படி வேகும் என்று திரையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு.

சோளக்காடு நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு மூக்குத்தி பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. வெற்றிலையைத் துடைத்துத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். டப்பாவில் சுண்ணாம்பு இல்லை. பஸ் முழுக்கக் கேட்டும் கிடைக்கவில்லை.

“ஏனுங்க, இதுல என்னமோ செவப்பா எரியுதுங்களே?”

“காளவாய்ங்கம்மா. உள்ளே கல்லு வெந்து சுண்ணாம்பாகுது.”

ஒவ்வொரு வளைவிலும் பேட்டரி இறங்கியது. நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து எரிக்க வேண்டும். இருவருமே திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. முடிந்தது!

“வெந்துருச்சுங்கம்மா, சுத்தமான சுண்ணாம்பு!” என்று துள்ளினேன்.

அந்தப் பெரிய சிரிப்பை எங்கோ ஒளித்துவிட்டு, வெற்றிலையை என்னிடம் நீட்டினார்.

“தடவுங்க சாமி.”