கை முளைத்த கிரேக்கத் தேவதை

மகளின் கலியாணத்துக்கு இடம் பார்க்கப் போனபோதுதான், நாங்கள் குடியேறிய நகரத்தின் அஜின்கோர்ட் பகுதியில் அந்த மண்டபக்காரரைச் சந்தித்தேன். சாயம் பூசிய தலைமுடி, கோட்டுக்கு மேலே தெரியும்படி தொங்கவிட்ட தடித்த சங்கிலி. எதைப் புகழ்ந்தாலும் பக்கத்துத் தூணை மோதிர விரலால் தட்டி, "அசல் றோமன் ஸ்ரைல், அண்ணை" என்பார். தூண் வெறும் தகரப்பேணி மாதிரிச் சத்தம் போடும். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது.

மணவறைக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கத் தேவதை நின்றது. உலகமே கையில்லாமல் பார்த்துப் பழகிய சிலையின் நகல். இவர் அதற்கு இரண்டு கைகளை ஒட்டி, வலது கையை அபய முத்திரையில் உயர்த்தி, கூறைச் சேலையும் சுற்றியிருந்தார்.

கிரேக்க, ரோம வரலாற்றை வாசித்தே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, உந்தச் சிலையைக் கையில்லாமல்தான் கண்டெடுத்தவை. அதுதான் அதின்ரை அழகு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மூளியான சிலையை வைச்சு ஆரும் கலியாணம் செய்வினமே, அண்ணை? கையில்லாட்டி அவ பிள்ளையளை எப்பிடி ஆசீர்வதிக்கிறது?" தூணை ஒருமுறை தட்டினார்.

மூடன் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறு மண்டபம் பிடித்தோம்.

போன மாதம் அருங்காட்சியகத்தில் கை முறிந்த உண்மையான ரோமச் சிலை ஒன்றின் முன்னால் நின்றேன். முன்பெல்லாம் அந்த முறிவைத்தான் ரசிப்பேன். அன்று என் கண் தோளிலிருந்து இறங்கி, இல்லாத கையைத் தேடியது. அது என்ன முத்திரை பிடித்திருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அந்த ஆளை அப்போதுதான் மனதாரத் திட்டினேன்.