சூடு ஆறாத வீல்

பழைய கார்களின் அலுமினிய வீலைத் தேய்த்துப் பளபளக்க வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பாலீஷ்காரர் சொல்லிக்கொள்வார். அவர் இருக்கும் பட்டறையில் அந்த வேலைக்கு வேறு ஆளே கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ஊரே நம்பி வண்டியைக் கொடுத்தும், மனைவியின் அண்ணன் மட்டும் பன்னிரண்டு வருஷமாகத் தன் காரை வேறு கடைக்கே ஓட்டிப்போனார். இவருக்கு அது பெரிய அவமானம். அந்த மச்சான் இன்று தானாக வந்து சாவியை நீட்டினார்.

"சாயங்காலம் வர்றேன் மாப்ள. பாத்து செய்ங்க."

பாத்து செய்யணுமாம்! யாரிடம் வந்து என்ன பேச்சு!

வீலில் சூடு ஆறின பிறகுதான் அழுக்கெடுக்கும் மருந்து அடிக்க வேண்டும். அதையும் முதலில் உள்பக்கம், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதை ஓதுகிறவரே இவர்தான். ஆனால் மேதைக்கு எதற்குச் சோதனை? கார் ஓடி வந்த சூட்டோடு ஒரு வீலில் ஆசிட் மருந்தைத் தாராளமாக அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தால் திட்டுத்திட்டாக வெள்ளை பூத்திருந்தது. மேலே இருந்த பழைய வார்னிஷ் தோல் தோலாக உரிந்து கிடந்தது.

"மூஞ்சியப் பாரு, மேதாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வீலைக் கழற்றினார். மிச்ச வார்னிஷைச் சுரண்டி, தண்ணீர் விட்டு, உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, பாலீஷ் போட்டுத் துடைத்து மாட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நாலில் ஒன்றுதான் முடிந்திருந்தது. கூடவே ஒரு பொய்யும் தயார்: வார்னிஷே மட்டமான சரக்கு.

மச்சான் வந்தார். குனிந்து, கண்ணாடிபோல் மின்னிய அந்த ஒரு வீலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யைச் சொல்லத்தான் இவர் வாயைத் திறந்தார்; வந்தது வேறு.

"மச்சான், தப்பு என்னோடது. சூடு ஆறுறதுக்குள்ள மருந்த அடிச்சுக் கெடுத்துட்டேன். அத மறைக்கத்தான் இவ்வளவு தேய்ச்சேன். மத்த மூணையும் தொடவே இல்ல." சாவியைத் திருப்பி நீட்டினார்.

மச்சான் சாவியை வாங்கவில்லை.

"அந்தக் கடைக்காரன் இத்தன வருஷத்துல ஒரு தப்பக்கூட ஒத்துக்கிட்டது இல்ல மாப்ள. வண்டி இங்கயே நிக்கட்டும். மத்த மூணையும் இதே மாதிரி கெடுத்து வைங்க."