எனக்காக பக்தா பாஸ் போட்ட முள்

பக்தவத்சலம் இறந்த செய்தி என் காதில் விழுந்த நேரத்தில் நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். முகப்பேர் பஸ் நிறுத்தத்தில், வெயிலில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். "வியாழக்கிழமை காலைல வா, உன் பூச்சி ரெடியா இருக்கும்" என்று அவன்தான் சொல்லியிருந்தான். பஸ் ஏறும் முன் கேட்டுக்கொள்வது நல்லது என்று கூப்பிட்டேன். எடுத்ததும் மறுமுனை பேச இடம் கொடுக்காமல், "என்னய்யா, இன்னைக்கும் தூண்டில் முள்ளு சரியில்லையா? நேரா சொல்லித் தொலை" என்றேன். பேசியது அவன் மனைவி தேன்மொழி. "அண்ணா... அவரு பூட்டாருண்ணா" என்றாள். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மலருக்கு அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்கிறார்கள். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்றும் சொன்னார்கள். எனக்கு வராது. நாலு நல்ல வார்த்தையும் சட்டென்று வருமா என்று தெரியவில்லை. அவனோடு பழகிய உங்களுக்கு நான் படும் பாடு புரியும்.

ஆவடித் தொழிற்சாலையில் நாம் வேலை பார்த்த காலத்தில் அவன் இன்ஸ்பெக்‌ஷன், நான் ஸ்டோர்ஸ். இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? நான் உள்ளே எடுப்பதை அவன் வெளியே தள்ளுவான். தேறாத பொருளை யாரும் தெரியாமல்கூட எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக அதன்மேல் சிவப்புப் பெயின்ட் வைப்பது நம் வழக்கம். மற்றவர்கள் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டுப் போவார்கள். இந்த மனிதன் பொட்டு வைப்பதுபோல் நின்று நிதானமாக வைப்பான். ஒருமுறை போல்ட் பெட்டி ஒன்றை அப்படியே திருப்பி அனுப்பினான். சப்ளை செய்தவர் எனக்குத் தெரிந்தவர், பாவம், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். "கொஞ்சம் பார்த்துச் செய்யேன்" என்று கேட்டேன். "பாத்துத்தான் செஞ்சிகினு கீறேன். ஆளப் பாத்து பாஸ் போடாத ஸ்டோர்ஸு, பொருளப் பாத்துப் போடு" என்றான். அன்று கேன்டீனில் அவன் எதிரில் நான் உட்காரவில்லை. அவனே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் வடையில் பாதியைப் பிய்த்துத் தின்றான்.

ஓய்வு பெற்றால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தேன். எங்கே? இரண்டு குடும்பமும் சேர்ந்து ஊட்டிக்குப் போனோம். மேலே ஓர் ஓடையில், முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் ட்ரௌட் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மண்புழு இல்லை, மாவு இல்லை. சின்ன முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சி, அவ்வளவுதான். பூச்சி ஆவதற்கு முன் தண்ணீருக்கடியில் கல்லோரமாக ஊர்ந்து திரியுமே ஒரு குஞ்சுப் பருவம், அதை நிம்ஃப் என்கிறார்கள். அந்த நிம்ஃப் மாதிரி கட்டி, சீக்கிரம் அடியில் இறங்க ஒரு குட்டி உலோக மணியைக் கோத்து விடுகிறார்கள். பக்தா கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பொட்டானிக்கல் கார்டன் பார்க்க வந்த நாங்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சோளம் தின்றோம்.

ஊர் திரும்பியதும் அண்ணனூர் வீட்டில், ரயில்வே ஷெட் பக்கத்து ஜன்னலோரம், மேஜை போட்டான். அதில் முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டி வைஸ். பழைய மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பி, கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த கோழி இறகு. எல்லாம் சரி. கட்ட ஆரம்பிப்பான் என்று பார்த்தால், முள்ளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தான். அந்தத் தேர்வு அவன் சாகும்வரை முடியவில்லை.

ஒரு பாக்கெட் முள் வாங்கினால் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பான். முனை நகத்தில் தைத்து நின்றால் சரி, வழுக்கினால் தள்ளுபடி. நின்றதை வைஸில் பிடித்து விரலால் அழுத்துவான். வளைந்தபடியே நின்றால் தள்ளுபடி, ஒடிந்தால் தள்ளுபடி, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால்தான் அடுத்த சோதனை. தள்ளுபடியான முள்ளுக்குச் சிவப்புப் பெயின்ட் தேடினான். வீட்டில் இருந்தது தேன்மொழியின் நெயில் பாலிஷ். "கல்யாணத்துக்குப் போவும்போது எடுத்துப் பாத்தா பாட்லு காலிண்ணா! என் நகத்துல ஒரு சொட்டு இல்ல, மீன் முள்ளுக்கெல்லாம் அலங்காரம் பண்ணி வச்சிகீது இந்த மனுஷன்" என்று என்னிடம் முறையிட்டாள். நான் சிரித்ததுதான் தப்பு. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. பக்தா கையால் கட்டிய ஒரு பூச்சி எனக்கு வேண்டும். ஒன்றே ஒன்று. அவனுக்கென்று கட்டிக்கொள்வான், அதில் மீனும் பிடிப்பான். எனக்கு மட்டும் கிடையாது. கேட்டால், "நான் போட்டா அது ட்ரையலு. உனக்குக் குட்தா அது டெஸ்பாட்ச். டெஸ்பாட்ச்ல தப்பு போவக் கூடாது மாமே" என்பான். எப்படிப்பட்ட கொடுமை இது! வருஷாவருஷம் ஊட்டிக்குப் போவோம், நான் நானே கட்டிய கோணல் பூச்சியோடு நிற்பேன்.

அவனுடைய பெரிய சண்டை முள்ளின் வாயைப் பற்றியது. தண்டுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் வாய் என்பான். முள்ளில் நம்பர் ஏற ஏற அளவு சிறுக்கும். சின்னப் பூச்சிதானே என்று நான் பதினெட்டாம் நம்பரை எடுத்து, கையில் கிடைத்த மணியைக் கோத்து, நூலைச் சுற்றி எடுத்துப் போனேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா நைனா இது? மணியே வாய அடச்சிகினு கீது பாரு. மீன் கவ்வும், சப்பும், துப்பிட்டுப் போய்கினே இருக்கும். முனை எங்க போய்க் குத்தும்? பூச்சி சின்னதா இருக்கணும், வாய் பெருசா இருக்கணும். ஒரு சைஸ் பெரிய முள்ளா எடு, அதுல ஒடம்ப மட்டும் சின்னதாக் கட்டு." உன்னை மாதிரி என்று சொல், சின்ன உடம்பு பெரிய வாய் என்றேன். தேன்மொழி உள்ளிருந்து கைதட்டினாள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் முள்ளுக்குப் பாலிஷ் வைத்துக்கொண்டிருந்தான்.

சொல்பேச்சுக் கேட்காமல் அதே மாதிரி ஒன்றோடு நான் ஓடைக்குப் போனதும் உண்டு. மீன் இழுத்தது. கம்பு வளைந்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் இழுப்பை நான் கண்டதில்லை. "பக்தா! பக்தா!" என்று கத்தினேன். அடுத்த நொடி நூல் தளர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்தவன் ஐயோ என்றானா? போனால் போகிறது என்றானா? கையை நீட்டி, "முள்ளக் கொண்டா" என்றான். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து அங்கேயே, தண்ணீரில் நின்றபடியே, இன்ஸ்பெக்‌ஷன் பண்ணினான். என் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, இவன் "முனை நல்லாத்தான் கீது. வாய்தான்" என்கிறான். திரும்பி வரும் பஸ்ஸில் ஈரோடு தாண்டும்வரை நான் அவனோடு பேசவில்லை. தாண்டிய பிறகு, "அட்த்த வாட்டி உனுக்கு நானே கட்டித் தரேன்" என்றான். அங்கே ஆரம்பித்ததுதான் இந்த வியாழக்கிழமைக் கதை. வியாழக்கிழமை வா என்பான், போவேன், ஒவ்வொரு தடவையும் முள் தேறவில்லை என்பான். டீ குடித்துவிட்டு, திட்டிவிட்டு, ரயிலேறி வருவேன்.

சர்க்கரை நோய் கண்ணில் இறங்கி அவனுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காரியம் முடிந்த அன்றுதான் தேன்மொழி சொன்னாள். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. ஸ்டோர்ஸ்காரன் சிரிப்பான்னு." சொல்லிவிட்டு என்னை ஜன்னலோர மேஜைக்குக் கூட்டிப்போனாள். வைஸில் ஒரு முள் மாட்டியிருந்தது. மணி கோத்து, தண்டில் நூல் சுற்றி, இறகு வைப்பதற்கு முன்னால் பாதியில் நின்றிருந்தது.

"உனுக்குத்தான்ணா. நாள் பூரா ஒக்காந்து ஒக்காந்து பொறுக்குனாரு. கடசில பாஸுன்னு சத்தமா சொன்னாரு. எனுக்கு அடுப்பங்கரைல கேட்டுச்சு."

நான் குனிந்து பார்த்தேன். அவனுடைய லென்ஸையே எடுத்து மறுபடியும் பார்த்தேன். மணி பெரிது. முள்ளின் வாயை மொத்தமாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எந்தத் தப்புக்காக என்னை ஆயுசு முழுக்க வதைத்தானோ, அதே தப்பு.

"நல்லா கீதாண்ணா?"

என்ன சொல்வேன்? பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோடு குடும்பம் நடத்தியவளிடம் மழுப்ப முடியுமா? "நெஜத்தச் சொல்லுண்ணா. செத்துப்போன ஆளாச்சேன்னு சொல்லாத" என்றாள்.

"வாய் அடைச்சிருக்கும்மா. தேறாது" என்றேன்.

அவளும் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காரியத்துக்கு வந்தவர்கள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அலமாரியிலிருந்து பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "வெய்ண்ணா. வெய்க்காம எட்துக்கினு போனீன்னா அந்த மனுஷன் கனவுல வந்து கத்தும்."

குச்சியைத் தொட்டு எடுத்தேன். அவன் நின்று நிதானமாக வைப்பானே, அப்படி எனக்கு வரவில்லை. புள்ளி தண்டில் வழிந்து மணியிலும் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அந்த மேஜையில் கை ஊன்றிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த முள் இப்போது என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. பக்தா கையால் ஒன்று வேண்டும் என்று கேட்டேன், கிடைத்துவிட்டது. தண்ணீரில் போட முடியாது. போகிற போக்கிலும் எனக்குத் தள்ளுபடி சரக்கைக் கொடுத்துவிட்டு, அதை நானே தள்ளும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் படுபாவி. ஆனால் பக்தா, நான் ஆளைப் பார்த்து பாஸ் போடவில்லையடா.