தம்பியின் பெயரில் ஒரு விசா காட்

பாரிசில், ரூ பெர்தொனே என்ற வீதியில் நானும் கணவரும் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை நடத்தினோம். சமையல் அவர் பொறுப்பு, பத்திர வேலைகள் என் பொறுப்பு. வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு எடுப்பதென்றால் அவருடைய விசா காட்டின், அதாவது வதிவிட அனுமதி அட்டையின், பிரதியை முன்கூட்டியே அந்த அட்டைகளைக் கொடுக்கும் அரச அலுவலகமான பிரிஃபெக்தூருக்கு அனுப்பி, அது உண்மையானதா என்று கேட்க வேண்டும். அது முதலாளியின் கடமை. தவறினால் கடைக்கே பூட்டு விழலாம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பின், கோப்பை கழுவும் வேலை கேட்டு ஒருவன் வந்தான். வன்னிப் பேச்சு.

"பத்து வருச காட் இருக்கு அக்கா" என்று நீட்டினான்.

படம் அவனுடையது. பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் எல்லாம் என் தம்பியுடையவை. 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லாத என் ஒரே தம்பி.

தம்பியைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டு, "பிறகு கோல் பண்ணுறன்" என்று அவனை அனுப்பிவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பிரிஃபெக்தூர் இதைப் போலி என்று சொல்லிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. காட் உண்மையானது, வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அவனைக் கூப்பிட்டேன். கடை திறக்கும் முன்பே வந்தான்.

"இது ஆற்றை பேர்?"

"என்ரை பேர்தான் அக்கா."

"இது என்ரை தம்பியின்ரை பேர். அவன் பிறந்த நாள். எங்கடை ஊர். அவன் எங்கை?"

அவன் அரிசி மூட்டையில் அப்படியே இருந்துவிட்டான்.

"தன்ரை அக்கா பாரிசிலை எண்டு உங்கடை தம்பி சொன்னவர். லா சப்பல் எண்டு ஒரு இடம் இருக்கு, அங்கை தமிழிலேயே வேலை கேக்கலாம் எண்டு அவர்தான் சொன்னவர். அது நீங்கள் எண்டு சத்தியமாத் தெரியாது."

"அவன் எங்கை எண்டு கேட்டனான்."

"ஆள் இல்லை அக்கா. ஒரே பங்கருக்குள்ளை இருந்தனாங்கள். செல் விழுந்து வெடிச்சது. நான்தான் மண் போட்டு மூடினனான். அவரின்ரை ஐசியை, அடையாள அட்டையை, எடுத்தன். படம் ஊறி அழிஞ்சு கிடந்தது. என்ரை பேர் ஆமியிட்டை இருந்தது. அந்தப் பேரிலை வெளிக்கிட்டிருந்தா என்னை விட்டிருக்க மாட்டாங்கள்."

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்தம் கேட்டுக் கணவர் குசினியிலிருந்து ஓடிவந்தார். காட்டை அவரிடம் கொடுத்தேன். பெயரை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

அவனை வேலைக்கு எடுக்கவில்லை. இன்னொருவரின் பெயர் என்று தெரிந்துகொண்டே ஆளை வைத்திருக்க முடியாது என்றார் கணவர். மாதாமாதம் தம்பியின் பெயரில் சம்பளத் துண்டு அடிக்க என்னாலும் முடியாது. பொலிசுக்கும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. "மூடினவனாமோ? நாய் நரிக்கு விடாமல் மூடினவனாமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு அவனுக்கு ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை கிடைத்தது. ஒருநாள் அந்த வழியால் போனபோது, உள்ளேயிருந்து முதலாளி என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஓம் அண்ணை, வாறன்" என்று பதில் வந்தது.

நான் வீதியிலேயே நின்றுவிட்டேன்.